மெக்சிகோ நகரக் கொள்கை

மெக்சிகோ நகரக் கொள்கை என்பது, குடும்பக் கட்டுப்பாட்டு முறையாகக் கருக்கலைப்புச் செய்யும், அதற்கு ஆலோசனை கூறும் அல்லது அதற்கான சட்டத்தைத் தளர்த்தக் கோரும் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களுக்கு உதவி நிதியை மறுக்கும் அமெரிக்க அரசின் விதியாகும். 1984 ஆகஸ்டில் மெக்சிகோ நகரில் கூடிய அனைத்துலக மக்கள்தொகை மாநாட்டில் ரொனால்டு ரேகன் அரசு அறிவித்ததால் இப்பெயர் பெற்றது. அமெரிக்க நிதி கருக்கலைப்புக்குச் செலவாவதை 1973ஆம் ஆண்டின் ஹெல்ம்ஸ் திருத்தம் முன்பே தடுத்திருந்தது. இவ்விதியோ நிறுவனங்கள் பிறருடைய பணத்தில் செய்யும் பணியையும் கூறும் ஆலோசனையையும் கட்டுப்படுத்துவதால், எதிர்ப்பாளர்கள் இதனை வாய்ப்பூட்டு விதி என்கின்றனர்.

அமெரிக்க அதிபர்களில் 1993இல் கிளிண்டனும், 2009இல் ஒபாமாவும், 2021இல் பைடனும் விதியை நீக்க, 2001இல் புஷ்ஷும், 2017இலும் 2025இலும் டிரம்பும் அதனை மீண்டும் கொண்டுவந்தனர். முன்னர் குடும்பக் கட்டுப்பாட்டு நிதியை மட்டுமே தொட்ட இவ்விதி, 2017இல் எச்.ஐ.வி., மலேரியா, தாய்சேய் நலம் முதலிய உலக சுகாதார உதவி முழுவதற்கும் விரிந்தது.

1952இல் மும்பையில் தோன்றிய அனைத்துலகக் குடும்பத் திட்டக் கூட்டமைப்பு நிபந்தனையை ஏற்க மறுத்து அமெரிக்க நிதியை இழந்தது. நேபாளக் குடும்பத் திட்டச் சங்கமும் 2001இல் அவ்வாறே இழந்தது. சகாராவுக்குத் தெற்கேயுள்ள 26 ஆப்பிரிக்க நாடுகளை ஆராய்ந்து 2019இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளியான ஆய்வு, அமெரிக்க உதவியைப் பெரிதும் சார்ந்திருந்த நாடுகளில் விதி நடப்பிலிருந்தபோது கருத்தடைப் பயன்பாடு குறைந்து, கருக்கலைப்பு ஏறத்தாழ 40 விழுக்காடு உயர்ந்ததாகக் கண்டது. கருத்தடைச் சாதனங்களையும் வழங்கிவந்த அதே நிறுவனங்கள் நிதியிழந்ததே இதற்குக் காரணமாக ஆய்வாளர் கருதினர்.

அமெரிக்க உதவியைச் சார்ந்த அந்நாடுகளைப் போலன்றி, மலேசியாவில் பொதுச் சுகாதாரம் பெரும்பாலும் உள்நாட்டு வரிப்பணத்தில் நடப்பதால், 1929இல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டம் உள்ளிட்ட பகாங் மாநிலக் கேமரன் மலைத் தோட்டங்களில் வாழும் தமிழ்த் தொழிலாளர்களின் மருத்துவம் வாஷிங்டனின் முடிவை நேரடியாகச் சார்ந்ததன்று. ஆயினும், 1958இல் குடும்பத் திட்டச் சங்கங்களின் கூட்டமைப்பாகத் தொடங்கிய மலேசிய அமைப்பு மேற்கூறிய அனைத்துலகக் கூட்டமைப்பின் உறுப்பினராகும். அத்தோட்டங்களுக்கு வேலை தேடி வந்த நேபாளியர் ஊரில் விட்டுவந்த குடும்பங்களோ, நிதியிழந்த சங்கம் பணியாற்றும் நாட்டிலேயே வாழ்கின்றன. மேலும், 1989இல் திருத்தப்பட்ட மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 312ஆம் பிரிவு, கர்ப்பம் தொடர்வதால் தாயின் உயிருக்கோ உடல், மன நலத்துக்கோ கலைப்பதைவிடக் கூடுதல் கேடு நேரும் என்று நல்லெண்ணத்துடன் கருதும் பதிவுபெற்ற மருத்துவர் அதனைக் கலைக்க இடமளிக்கிறது. அமெரிக்க விதியோ உயிராபத்து, வல்லுறவு, தகாத உறவு ஆகியவற்றுக்கு மட்டுமே விலக்களிப்பதால், அந்நிதியைப் பெறும் மலேசியத் தொண்டு நிறுவனம், உடல்நலம் குன்றிய தோட்டப் பெண்ணுக்குத் தன் நாட்டுச் சட்டம் தரும் உரிமையைத் தானாக முன்வந்து எடுத்துரைத்து வழிகாட்டவும் இயலாது.

ஒரு நாட்டின் சட்டமன்றம் தன் பெண்களுக்கு வழங்கிய உரிமையை மற்றொரு நாட்டின் நிதி நிபந்தனை மௌனமாக்குவது நீதியன்று. கருக்கலைப்பைக் குறைப்பதே நோக்கமெனில், கருத்தடைச் சேவைக்கான நிதியை வெட்டாமல் காப்பதே அதற்குரிய வழியாகும்.