தாதி மாணவியரும் தலைமைப் பண்பும்

தலைமைப் பண்பு சிலருக்குப் பிறவியிலேயே அமைவது என்று கூறுவாருளர். ஆசிரியப் பயிற்சி பெற்ற நாம் அக்கூற்றை அப்படியே ஏற்பதற்கில்லை. பொறுப்பை ஒப்படைத்தால் பிள்ளைகள் வளர்கின்றனர் என்பதை வகுப்பறையில் அன்றாடம் காண்கின்றோம். தாதியர் கல்வியின் வரலாறும் இதற்குச் சான்று பகர்கின்றது.

1871ஆம் ஆண்டு சென்னை அரசினர் பொது மருத்துவமனையில் தாதியர் பயிற்சி தொடங்கியபொழுது அதில் சேர்ந்த மாணவியர் நால்வரே. இலண்டனில் புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் பள்ளி தோன்றியது 1860இல். தம் மாணவியர் பிற மருத்துவமனைகளுக்குச் சென்று தலைமை ஏற்க வேண்டும் என்பது அம்மையாரின் நோக்கம். அம்முறை கடல் கடந்து வந்தபோது ஒழுங்கும் கீழ்ப்படிதலும் குறைவின்றி வந்தன. தலைமைப் பதவிகள் மட்டும் நெடுங்காலம் வெளிநாட்டவர் கையிலேயே நின்றன.

வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909இல் தாதியர் பயிற்சியைத் தொடங்கினார். அயலார் உடலைத் தொட்டுப் பணிபுரிவதை இழிவாகக் கருதிய காலம் அது. அப்பயிற்சிக்கு வர முன்வந்த பெண், மருத்துவமனை வாயிலை மிதிக்கும் முன்னரே ஒரு போராட்டத்தை வென்றவளாவாள்.

இரவு வேளையில் மூத்த மாணவியே வார்டின் பொறுப்பை ஏற்பது அக்கால மருத்துவமனைகளில் வழக்கம். நோயாளியின் மூச்சுத் திணறினால் மருத்துவரை உடனே எழுப்புவதா, சற்றுப் பொறுப்பதா என்பதை அவளே முடிவு செய்ய வேண்டும். இதனைக் கல்விக் கொள்கை என்று புகழ்வது பிழை. ஆள் பற்றாக்குறையே காரணம். நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை தோன்றியதும் ஏறக்குறைய இவ்வாறே அன்றோ! வழிகாட்டுவார் அருகிலிருந்தபோது அம்மாணவி துணிவைக் கற்றாள். இல்லாதபோது அச்சத்தையே கற்றாள்.

இக்குறையை உணர்ந்து செய்யப்பட்ட முயற்சியாகவே மாணவத் தாதியர் சங்கத்தை நான் கருதுகின்றேன். 1908இல் உருவான இந்தியப் பயிற்சி பெற்ற தாதியர் சங்கத்தின் துணையோடு அது 1929இல் அமைந்தது. பயிற்சிப் பள்ளிகள்தோறும் கிளைகள் எழுந்தன. கூட்டம் நடத்துதல், குறிப்பெழுதுதல், கணக்குப் பார்த்தல், மேடையில் தம் கருத்தை உரைத்தல் ஆகியவற்றை மாணவியரே பழகினர். நோயாளியின் உயிரைப் பணயம் வைக்காமல் தவறு செய்து திருந்த அங்கே இடமிருந்தது.

1946இல் வெளிவந்த போர் குழுவின் அறிக்கை, இந்தியா முழுமைக்கும் ஏறத்தாழ 7,000 தாதியரே உள்ளனர் என்றது. 43,000 பேருக்கு ஒருவர்! அதே ஆண்டில் வேலூரில் தாதியர் பட்டப் படிப்புத் தொடங்கியது. பின்னர் அங்குத் தாதியர் துறைத் தலைமையை ஏற்ற முதல் இந்தியர் அலேயம்மா குருவிளா அம்மையார்.

ஜெலுத்தோங்கிலிருந்து பினாங்கு மருத்துவமனை வெகு தொலைவில் இல்லை. தாதியாக விரும்பும் சிறுமியர் நம் பள்ளிகளிலும் உளர். அத்தகைய ஒருத்தியிடம் நான் நூலகச் சாவியைக் கொடுப்பதுண்டு. முதல் வாரத்தில் இரண்டு நூல்கள் காணாமற்போனாலும் சாவியைத் திரும்பக் கேட்பதில்லை. பதிவேட்டை அவளுடன் அமர்ந்து பார்ப்பேன்.