நீரும் வெயிலும் காத்த குளிர்

கண்டி மாநகர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தே அமைந்தது. மகாவலி கங்கை வளைந்தோட, ஹந்தானை மலை தெற்கே காத்து நிற்க, இதமான காற்றுத் தவழும் நகரம் அது. ஆயினும், காலையிற் கறந்த பாலை மறுநாட் காலைவரை கெடாது வைத்திருக்கும் குளிர் அந்நகருக்கு இயற்கை அளித்த கொடையன்று. அக்குளிரை மனிதன் தேடிப் பெற்ற வரலாறு, ஆற்றலைச் சேமிக்கக் கற்றுக்கொண்ட வரலாறேயாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கீழைத் தேசங்களுக்குக் குளிர் கப்பலேறி வந்தது. அமெரிக்காவின் வடகிழக்கே உறைந்த ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியை மரத்தூளிற் பொதிந்து, பிரெடெரிக் டூடர் என்னும் வணிகர் 1833இல் கல்கத்தாவுக்கு அனுப்பினார். சென்னைக் கடற்கரையில் 1842இல் அவர் எழுப்பிய பனிக்கட்டிக் கிடங்கு, விவேகானந்தர் இல்லமென்னும் பெயருடன் இன்றும் நிற்கின்றது. குளிரை ஆக்குவதினும் காப்பதே அரிது என்பதை அம்மரத்தூள் உணர்த்திற்று.

பின்னர் இயந்திரக் குளிர் வந்தது. அதற்கு மின்சாரம் வேண்டியதாயிற்று. மலைநாட்டு ஆறுகளின் நீரால் மின்சாரம் ஆக்கலாமென்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் விரிவாக எடுத்துரைத்தார். லக்ஷபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியதோ 1950இல். அவர் காலமானது 1953இல். கண்டியின் அருகே, 1976இல் பொல்கொல்ல அணை மகாவலி நீரைச் சுரங்கவழியே உக்குவளை மின்நிலையத்துக்குத் திருப்பியது. 1985இல் 122 மீற்றர் உயரமான விக்டோரியா அணை திறக்கப்பட்டது. பழைய தெல்தெனிய நகரம் நீருள் அமிழ்ந்தது. மாரியிற் சேர்த்த நீரைக் கோடையிற் செலவிடும் இந்நீர்த்தேக்கங்களை மலைநாட்டின் பெரும் பற்றரிகள் எனலாம்.

எனினும், அம்மின்சாரம் எல்லா வீடுகளையும் ஒருங்கே அடையவில்லை. மின்கம்பி எட்டாத தோட்டத்துப் பங்களாக்களில் மண்ணெண்ணெயால் இயங்கும் குளிர்சாதனப் பெட்டிகள் உதவின. லயன் அறைகள் பலவற்றிலோ மண்ணெண்ணெய் விளக்குக்கு மட்டுமே பயன்பட்டது.

1997இல் உலக வங்கியின் துணையோடு தொடங்கிய திட்டத்தின் பின்னர், மின்கம்பி காணாத கிராமக் கூரைகளிற் சூரியப் படலங்கள் பெருகின. விளக்கும் வானொலியும் சிறு தொலைக்காட்சியும் இயங்கின; குளிர்சாதனப் பெட்டிக்கு அவ்வாற்றல் போதவில்லை. காரணம் எளிய கணக்கே. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியொன்று நாளொன்றுக்கு ஏறக்குறைய ஓர் அலகு மின்சாரம் கொள்ளும். 50 வாற்றுப் படலம் நல்ல வெயிலிலும் கால் அலகளவே தரும். 12 வோல்ற்று, 100 அம்பியர் மணி ஈயப் பற்றரி 1.2 அலகைச் சேமிக்கும். அதன் ஆயுள் குன்றாதிருக்க அதில் அரைவாசியையே எடுத்தல் வேண்டும்.

இன்று அக்கணக்கு மாறிவிட்டது. வீட்டையே சுமந்து செல்லும் பயண வாகனங்கள் அதற்குச் சான்று. கூரையிலுள்ள 400 வாற்றுப் படலம், நான்கு மணிநேர முழுவெயிலில் 1.6 அலகு தரும். இழப்பைக் கழித்தும் பெட்டிக்குப் போதும். லிதியம் இரும்புப் பொஸ்பேற்றுப் பற்றரியில் ஐந்தில் நான்கு பங்கைத் தயங்காது எடுக்கலாம். பெட்டியின் இயந்திரம் தொடங்கும் கணத்தில் இழுக்கும் பன்மடங்கு மின்னோட்டத்தைத் தாங்கும் இன்வேர்ட்டரும் வேண்டும். ஆயின், ஐப்பசி கார்த்திகை மழையிற் கண்டி வானம் மூடினால், இரண்டு நாளுக்கேனும் ஆற்றல் கையிருப்பில் இருத்தல் அவசியம்.

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்சாரம் தடைப்பட்டபோது இப்பாடம் வீடுகளுக்கும் உரியதாயிற்று. மின்கம்பியோடு மட்டும் பிணைந்த கூரைப் படலங்கள், பாதுகாப்பின் பொருட்டு மின்தடையின்போது தாமும் நின்றுவிடும். வெயில் காய்ந்தும் பற்றரியில்லாத வீட்டின் பெட்டி வெம்மையுறும். 2 முதல் 8 பாகை செல்சியசில் வைக்கவேண்டிய இன்சுலினை நம்பி வாழும் நோயாளிக்குக் குளிர் ஆடம்பரமன்று, உயிர்காப்பு.

அணை நீரைக் காத்தது. பற்றரி வெயிலைக் காக்கின்றது. அதன் விலையே இன்று பலருக்குத் தடை. மண்ணெண்ணெய் விளக்கொளியில் வளர்ந்த லயன் அறைக்கும் அக்குளிர் எட்டும் நாளிலேதான் இவ்வரலாறு நிறைவுறும்.