நாய்க்கு எதுக்குடா லெட்டர்?

ரெண்டு மாசமா ஆபீஸ்ல ஆணி அதிகம், இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியலை. இன்னொரு காரணமும் இருக்கு. அதோட பேரு மணி. வயசு 4, எடை 26 கிலோ, பாதி லாப்ரடார், மீதி என்னன்னு அதுக்கே தெரியாது.

என்கூட பொட்டி தட்டிக்கிட்டிருந்த நண்பனுக்கு வேலை போச்சு. ஹெச்1பி விசால 60 நாள்தான் டைம். வேற வேலை அமையலை, ஊருக்குக் கிளம்பிட்டான். கார், சோபா, டிவி எல்லாத்தையும் வித்தான். மணியை விக்க முடியுமா? "ரெண்டு வாரம் வச்சுக்கடா மச்சி"ன்னு என்கிட்ட விட்டுட்டுப் போனான். அந்த ரெண்டு வாரம் இப்போ எட்டு மாசம். நான் இருக்கிற அப்பார்ட்மென்ட்ல நாய், பூனை கூடாதுன்னு லீஸ்லயே கொட்டை எழுத்துல போட்டிருக்கு. ஒருநாள் சாயங்காலம் வந்து பார்த்தா கதவுல நோட்டீஸ்.

நம்ம புத்தி எங்க போகும்? நேரா கூகிளுக்கு. 79 டாலர், பத்து நிமிஷம், பதினஞ்சு கேள்வி. மணி போட்டோ போட்ட அடையாள அட்டை, தங்கக் கலர் முத்திரை வச்ச சான்றிதழ், ஒரு சிவப்புச் சட்டை எல்லாம் வந்துச்சு. லீசிங் ஆபீஸ் அம்மணி அதை வாங்கிப் பார்த்தாங்க. சிரிச்சிருந்தாக்கூடப் பரவாயில்லை. ரொம்ப மரியாதையா "இது செல்லாது"ன்னு திருப்பிக் கொடுத்துட்டாங்க. அவங்க சொன்னது சரிதான்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. இந்த நாய்களைப் பதிஞ்சு வைக்க அமெரிக்க ஃபெடரல் அரசாங்கத்துல பதிவேடுன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. இல்லாத பதிவேட்டுல மணியைப் பதிய 79 டாலர் அழுதவன் உங்கள் நண்பன் :-)

அந்தக் கடுப்புல படிக்க ஆரம்பிச்சதோட விளைவுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

மனுசனுக்கு உதவ நாயை முறையாப் பழக்கினது முதல் உலகப் போர்ல தொடங்குது. கண் போன சிப்பாய்களுக்காக 1916-ல ஜெர்மனியில ஓல்டன்பர்க்ல ஒரு பள்ளி வந்துச்சு. அந்தப் பழக்கம் பத்தி டோரதி யூஸ்டிஸ்னு ஸ்விட்சர்லாந்துல இருந்த ஒரு அமெரிக்கப் பெண்மணி 1927-ல பத்திரிகையில எழுத, அதை நாஷ்வில்ல மோரிஸ் ஃப்ராங்க்ங்கிற பார்வையில்லாத இளைஞருக்குப் படிச்சுக் காட்டினாங்க. அவர் 1928-ல ஸ்விட்சர்லாந்து போய், பட்டிங்கிற நாயோட திரும்பி வந்தார். 1929-ல 'சீயிங் ஐ' பள்ளி ஆரம்பம். கண்ணு தெரியாதவருக்கு நாய், சரி, யாருக்கும் புரியும். மனசு சரியில்லாதவனுக்கு நாய் எதுக்கு? இதைப் பேச 1960-கள் வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. போரிஸ் லெவின்சன்னு குழந்தைகள் மனநல நிபுணர் ஒருத்தர், தன்னோட நாய் ஜிங்கிள்ஸ் அறையில இருந்தா வாயே திறக்காத பிள்ளைங்ககூடப் பழக ஆரம்பிக்குதுங்கன்னு கவனிச்சு 1962-ல கட்டுரை எழுதினார்.

ஆனா கட்டுரை வேற, சட்டம் வேற. சட்டத்தோட கதை 1973-ல வந்த மறுவாழ்வுச் சட்டத்துல இருந்து தொடங்குது. அதுல 504-ம் பிரிவுன்னு ஒரே ஒரு வாக்கியம்: ஃபெடரல் பணம் வாங்குற எந்தத் திட்டமும் ஊனத்தைக் காரணம் காட்டி ஒருத்தரை ஒதுக்கக்கூடாது. வாக்கியம் இருந்துச்சு, அதை நடைமுறைப்படுத்துற விதிகள் இல்லை. நாலு வருஷம் ஃபைல் தூங்குச்சு. (நம்ம ஊர் நினைப்பு வருதா?) 1977 ஏப்ரல் 5-ம் தேதி சான் பிரான்சிஸ்கோ ஃபெடரல் கட்டடத்துக்குள்ள நூத்துக்கும் மேற்பட்ட மாற்றுத்திறனாளிகள் போய் உட்கார்ந்துட்டாங்க. சக்கர நாற்காலியோட, மருந்து மாத்திரை ஒழுங்கா இல்லாம, தரையில படுத்துத் தூங்கினாங்க. பிளாக் பாந்தர் கட்சிக்காரங்க தினமும் சுடச்சுட சோறு கொண்டுவந்து கொடுத்தாங்க. ஜூடி ஹ்யூமன், கிட்டி கோன்னு ரெண்டு பெண்கள் முன்னாடி நின்னாங்க. 28-ம் தேதி விதிகள்ல கையெழுத்து விழுந்துச்சு. சிவிக் சென்டர் ஸ்டேஷன்ல இறங்கி அந்தக் கட்டடத்தை நான் எத்தனையோ தடவை தாண்டிப் போயிருக்கேன். ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்த்ததில்லை.

அந்த 504-ஐ வச்சுத்தான் ஜார்ஜியாவுல டிகால்ப் கவுன்டி அரசுக் குடியிருப்புல இருந்த ஒரு பெண், தன் நாய் ஸ்பார்க்கிக்காக கோர்ட்டுக்குப் போனாங்க. அவங்களுக்கு மனநோய். நாய் இல்லாம அவங்களால இருக்க முடியாது. குடியிருப்புல நாய்க்குத் தடை. கீழ்க்கோர்ட் தள்ளுபடி பண்ணினதை 1981-ல ஐந்தாவது சர்க்யூட் கோர்ட் ரத்து பண்ணி, வழக்கை விசாரிக்கணும்னு திருப்பி அனுப்புச்சு. மனசுக்காக நாய்ங்கிற விஷயத்தை கோர்ட் சீரியஸா எடுத்துக்கிட்ட ஆரம்பகால வழக்குகள்ல அது ஒண்ணு.

ஆனா 504 அரசாங்கப் பணம் வாங்குற இடத்துக்கு மட்டும்தான். தனியார் வீட்டுக்காரரை அது தொடாது. அதுக்கு 1968 நியாயமான வீட்டுவசதிச் சட்டத்தை 1988-ல திருத்தி, ஊனத்தையும் சேர்க்க வேண்டியிருந்தது. அதோட விதிகள்ல ஒரு உதாரணம் வரும்: பார்வையில்லாதவர் தன் வழிகாட்டி நாயோட வீடு கேட்கிறார், கட்டடத்துல நாய் கூடாதுன்னு விதி, மறுத்தா அது சட்ட மீறல். அந்த உதாரணத்துல இருந்து மெல்ல மெல்ல, 2004-ல கலிஃபோர்னியா மேல்முறையீட்டுக் கோர்ட்ல பூக்கிங்கிற குட்டி நாய் வரைக்கும் வந்து நிக்குது. மனச்சோர்வுல இருந்த தம்பதியோட நாய் அது. அந்த நாய்க்குத் தனிப் பயிற்சி எதுவும் கிடையாது. தேவையில்லை, அது கூட இருக்கிறதே உதவிதான்னு கோர்ட் ஏத்துக்கிச்சு.

விமானக் கதை வேற ரூட். 504 விமானக் கம்பெனிகளுக்குப் பொதுவாப் பொருந்தாதுன்னு 1986-ல உச்சநீதிமன்றம் சொல்ல, அதே வருஷம் காங்கிரஸ் விமானங்களுக்குன்னு தனிச் சட்டம் போட்டுச்சு. மனநலத்துக்கான விலங்குகளையும் போக்குவரத்துத் துறை அதுக்குள்ள சேர்த்துக்கிச்சு. 2008 விதிப்படி ஒரு வருஷத்துக்குள்ள வாங்கின மனநல நிபுணர் லெட்டர் இருந்தா போதும், கேபின்ல இலவசம். சும்மா வளர்ப்பு நாய்னா நூறு டாலருக்கு மேல கட்டணம். அப்புறம் என்ன ஆகும்? நியூயார்க்கர்ல பட்ரிசியா மார்க்ஸ் 2014-ல வான்கோழி, பன்னி, பாம்புன்னு லெட்டரோட ஊர் சுத்தி கிண்டலடிச்சு எழுதினாங்க. விமானக் கம்பெனிகள் சங்கத்தோட கணக்குப்படி இப்படிப் பறந்த விலங்குகள் 2016-ல 4,81,000, 2017-ல 7,51,000. 2018 ஜனவரியில நூவர்க் ஏர்போர்ட்டுக்கு டெக்ஸ்டர்னு ஒரு மயில் வந்துச்சு, ஏத்தமாட்டோம்னுட்டாங்க. முருகன் கேஸ் போட்டிருக்கலாம். 2020 டிசம்பர்ல விதி மாறி, 2021 ஜனவரி 11-லேர்ந்து மனத்துணை விலங்குகளை விமானக் கம்பெனிகள் ஏத்துக்க வேண்டிய கட்டாயம் போயிடுச்சு. மனநலத்துக்குன்னே பயிற்சி எடுத்த நாய்க்கு மட்டும் இடம் உண்டு.

ஆக, வீட்டுக்கு ஒரு சட்டம், விமானத்துக்கு ஒண்ணு, கடை, ஓட்டலுக்கு 1990-ல வந்த மூணாவது சட்டம் (அதுல மனத்துணை நாய்க்கு இடமே இல்லை). மூணு டீம் மூணு ரெபோல ஒரே வேரியபிள் பேரை வச்சு மூணு அர்த்தத்துல கோட் எழுதின மாதிரி. டாக்குமென்டேஷன் எழுதின ஆள் ரிசைன் பண்ணிட்டார். இதுலயும் ஹட்னு சொல்ற வீட்டுவசதித் துறை 2020 ஜனவரியில ஒரு வழிகாட்டிக் குறிப்பு விட்டு, இன்டர்நெட்ல காசு கொடுத்து வாங்குற சான்றிதழ் மட்டும் போதாதுன்னு சொல்லுச்சு. 2025 செப்டம்பர்ல அந்தக் குறிப்பையே திரும்ப வாங்கிக்கிச்சு. 1988 சட்டம் மட்டும் அப்படியேதான் இருக்கு.

சரி, மணி கதைக்கு வரேன். கலிஃபோர்னியாவுல 2022-லேர்ந்து இன்னொரு சட்டம்: லெட்டர் தர்ற நிபுணருக்கு நம்மளைக் குறைஞ்சது 30 நாளாவது தெரிஞ்சிருக்கணும். எனக்கு அது பிரச்சினையே இல்லை. நான் ஒரு தெரபிஸ்ட்கிட்ட நாலு மாசமாப் போய்க்கிட்டிருந்தேன். இதை இங்கதான் முதல்தடவை சொல்றேன். நண்பன் கிளம்பினதுக்கு அப்புறம் ராத்திரி தூக்கம் வராது, காலையில லேப்டாப்பைத் திறக்கவே கை நடுங்கும். அடுத்த லிஸ்ட்ல நம்ம பேரான்னு. அப்போ எழுந்து பல் தேய்க்க வச்சது மணிதான், அதுக்கு ஏழு மணிக்கு வெளிய போகணும்.

அப்புறம் ஏன் முதல்லயே தெரபிஸ்ட்கிட்ட லெட்டர் கேக்காம 79 டாலர் சான்றிதழுக்குப் போனே? நியாயமான கேள்வி. அந்த லெட்டர்ல 'டிஸெபிலிட்டி'ங்கிற வார்த்தை வரும். அதை என் பேருக்குப் பக்கத்துல பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. காசு கொடுத்தா அந்த வார்த்தை மணி பேர்ல வருதேன்னு நினைச்சிருக்கேன் போல.

கடைசியில கேட்டேன். ரெண்டே பத்தி. நோயோட பேர் கிடையாது. இவருக்கு இப்படி ஒரு குறைபாடு இருக்கு, இந்த நாய் அதுக்குத் துணை, இவ்வளவுதான். லீசிங் ஆபீஸ் அம்மணி படிச்சு, ஃபைல்ல வச்சு, பெட் டெபாசிட்கூடக் கேக்கலை. வெளிய வந்து மணியோட பார்க்கிங் லாட்ல ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பொங்கலுக்கு ஊருக்கு டிக்கெட் போட்டாச்சு. 26 கிலோ உருப்படி சீட்டுக்கு அடியில போகாது, லெட்டரும் அங்க செல்லாது. மூணு வாரம் ஃப்ரீமாண்ட்ல ஒரு நண்பர் வீட்டுல விடறேன். நேத்து அம்மா போன்ல, "யார்டா அங்க குரைக்கிறது?"ன்னாங்க. சொன்னேன். லெட்டர் வாங்கினதையும் சொன்னேன். "நாய்க்கு எதுக்குடா டாக்டர் லெட்டர்?"

நேர்ல வந்து சொல்றேம்மான்னு வச்சுட்டேன்.

டிஸ்கி: நான் வக்கீல் இல்லை, பொட்டி தட்டுறவன். உங்க ஊர் சட்டத்தை நீங்களே ஒரு தடவை பார்த்துக்கோங்க.