பதவி போனாலும் பட்டறிவு போகாது

குடும்பப் பொறுப்பு மிகுந்த நடுவயதில், வகித்துவந்த பதவியே இல்லாதொழிந்தால் ஒருவர் எங்கே செல்வார்? நம் மாநிலத்தில் ஒரே நாளில் பல்லாயிரவர்க்கு இவ்வினா எழுந்தது.

ஊர்தோறும் மணியக்காரர் நிலத்தீர்வை தண்டினார். கணக்கர் அடங்கலும் சிட்டாவும் எழுதினார். பகுதிநேரப் பதவிகளாகிய இவை பெரும்பாலும் தந்தைக்குப்பின் மகனுக்கு வந்தன. அத்தகைய பரம்பரை உரிமை அரசியலமைப்புக்கு முரணானது என 1960-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1980 நவம்பர் 14-ஆம் நாள், தமிழ்நாட்டரசு அவசரச் சட்டத்தால் அப்பதவிகளையே ஒழித்தது. முழுநேரக் கிராம நிர்வாக அலுவலர் அவ்விடத்திற்கு வந்தனர்.

அப்பொழுது நான் ஆசிரியப் பயிற்சி மாணவன். எங்கள் பக்கத்தில் முன்னாள் கணக்கர் சிலர் பத்திரம் எழுதிப் பிழைத்தனர். சிலர் அரிசி ஆலைகளில் கணக்கெழுதினர். எந்த வயல் எவர்க்குரியது, எந்த வரப்பு எதன் எல்லை என்பதெல்லாம் அவர்கள் நெஞ்சில் இருந்தன. அவ்வறிவை எச்சட்டமும் பறிக்கவில்லை. அதுவே அவர்களுக்குச் சோறிட்டது.

வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. சட்டம் செல்லும் என்று 1982-இல் தீர்ப்பாயிற்று. எனினும், கல்வித் தகுதியுடைய பழைய அலுவலரைப் புதிய பதவிக்குக் கருத அரசு இசைந்தது. பள்ளியிறுதித் தேர்வில் தேறியவர்க்குக் கதவு திறந்தது. தேறாதவர்க்கு, பட்டறிவு எத்துணை இருந்தும் திறக்கவில்லை.

பதவியை ஒழிக்கும் உரிமை அரசுக்கு உண்டு. அதனை வகித்தவரின் பட்டறிவை மதிக்கும் கடமையும் உண்டு. நீங்களோ, வேலை கிடைத்தபின்னும் கல்வியை விடாதீர்கள். பதவி பிறர் தருவது. கல்வி நாம் தேடிக்கொள்வது.