'பரையா' என்னும் ஆங்கிலச் சொல்

ஆங்கில நாளேடு படிக்கும் நம் இளைஞர்கள் 'பரையா நாடு' என்னும் தொடரை அவ்வப்போது கண்டிருப்பர். பிற நாடுகள் உறவு கொள்ளாது ஒதுக்கிவைத்த நாடு என்பது அதன் பொருள். நிறவெறி ஆட்சி நடத்திய தென்னாப்பிரிக்காவையும் அவ்வாறே அழைத்தனர். ஒடுக்கியவனை இகழ்வதற்கு ஒடுக்கப்பட்டவன் பெயரை எடுத்தாளும் விந்தையை என்னென்பது!

அச்சொல் ஆங்கிலேயர் ஆக்கியதன்று, நம் தமிழ்ச்சொல்லே. பறை முழக்குவோன் பறையன் என்பது அறிஞர் பெரும்பாலோர் கொள்ளும் முடிபு. புறநானூற்றின் 335-ஆம் பாடல் இக்குடியைச் சிறந்த நான்கு குடிகளுள் ஒன்றாக எண்ணுகிறது. இழிவின் நிழலும் அங்கில்லை.

17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்பெயர் ஆங்கில நூல்களில் இடம்பெற்றது. அன்று அது தென்னாட்டு மக்களுள் ஒரு பிரிவினரின் பெயர், அவ்வளவே. பின்னர் ஐரோப்பியர் அதனைத் தீண்டாமைக்கு ஆளான மக்கள் அனைவர்க்கும் ஏற்றினர். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் பெர்னார்தென் தெ சென்பியேர் எழுதிய 'இந்தியக் குடிசை' என்னும் கதையில், உண்மையைத் தேடி அலையும் ஆங்கில அறிஞர் அதனை ஒரு பறையரின் குடிசையில் கண்டடைகிறார். 1821-இல் கசிமிர் தெலவீன் 'பரியா' என்றே ஒரு துன்பியல் நாடகம் இயற்றினார். இவர்கள் இரக்கத்தோடுதான் எழுதினர். எனினும், ஊரால் தள்ளப்பட்டவன் எவனாயினும் அவனுக்கு இப்பெயர் என்னும் வழக்கு இத்தகைய எழுத்துகளாலேயே ஐரோப்பாவில் பரவிற்று. யூல், பர்னெல் இருவரும் தொகுக்க, 1886-இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி, பறை முழக்குவோன் என்பதே மூலப்பொருள் என்று குறித்தது. அதற்குள் இந்தியாவிலிருந்த ஆங்கிலேயர் தெருநாய்க்கும் பருந்துக்கும்கூட அப்பெயரைச் சூட்டிவிட்டனர்!

நம் முன்னோர் இதற்கு அளித்த விடை ஒன்றன்று. இரட்டைமலை சீனிவாசனார் 1893-இல் 'பறையன்' என்னும் பெயரிலேயே இதழ் தொடங்கினார். பெயரை மறைத்துக்கொண்டு உரிமை கேட்க இயலாது என்பது அவர் கருத்து. அயோத்திதாசப் பண்டிதரோ அப்பெயர் பகைவர் சுமத்திய இழிபெயர் என்று மறுத்தார். எம்.சி. ராஜா 1922-இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொணர்ந்த தீர்மானத்தின் பயனாக, அரசு ஏடுகளில் 'ஆதிதிராவிடர்' என்னும் பெயர் ஏறிற்று. இம்மூவருள் எவர் வழி சரி என்று இளைஞர்கள் வாதிடுவதில் தவறில்லை. மூவரும் தம் பெயரைத் தாமே முடிவு செய்ய முனைந்தவர்கள். அவ்வரசாணை எட்டாத இடம் ஆங்கில அகராதி. அங்கே அச்சொல்லுக்கு இன்றும் 'ஒதுக்கப்பட்டவன்' என்றே பொருள். பறையைக் காண, கீழே சொற்பிறப்புக் குறிப்பு வரை படித்தல் வேண்டும்.