மாங்காய் டிசைனும் சின்ன ஊடையும்



ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரிலிருந்து ரயில் ஏறினால் கால் மணி நேரத்துக்குள் பெய்ஸ்லி வந்துவிடுகிறது. ஊருக்குள் வொயிட் கார்ட் என்றொரு சிறிய ஆறு ஓடுகிறது. அதன் அருகே 1163-இல் தொடங்கிய பழைய மடாலயம். நின்று பார்க்க வேண்டிய கட்டடம்தான். ஆனால் நான் போனது நெசவாளர்களின் ஊரைப் பார்க்க.

நாம் பட்டுச்சேலையில் 'மாங்காய்' என்கிறோமே, அந்த டிசைனுக்கு ஆங்கிலத்தில் 'பெய்ஸ்லி' என்றே பெயர். காஷ்மீர் சால்வையில் இருந்த வேலைப்பாடு அது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வூர்க்காரர்கள் அதைப் பார்த்து மலிவாக நெய்து விற்றார்கள். பெயர் இவர்களுக்குப் போய்விட்டது. எனக்கு இதில் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. என்றாலும் இங்கே தறியில் உட்கார்ந்தவன் பட்ட பாட்டைப் படித்தபின் அவன்மேல் கோபம் வரவில்லை.

சால்வையின் வண்ண ஊடைகளுக்கு இடையே மெல்லிய பருத்தி ஊடை ஒன்று போகும். 'ஸ்மா ஷாட்' என்பார்கள். சின்ன ஊடை என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்ண நூல்களைப் பிடித்து நிறுத்துவதே அதுதான். ஆனால் துணியில் தெரியாது. தெரியாத நூலுக்குக் காசு தர மாட்டோம் என்று முதலாளிகள் மறுத்தார்கள். நெசவாளர்கள் அந்த நூலைச் சொந்தக் காசில் வாங்கி, கூலியில்லாமல் ஓட்டினார்கள். எவ்வளவு பெரிய அநியாயம் பாருங்கள்! முரசடித்து ஆள் திரட்டிப் பல காலம் போராடினார்கள். 1856-இல் முதலாளிகள் இறங்கிவந்து அதற்கும் காசு தர ஒப்புக்கொண்டார்கள். அந்த வெற்றியை இன்றும் ஜூலை முதல் சனிக்கிழமை ஊர்வலமாகக் கொண்டாடுகிறார்கள். முரசு முன்னே போகும். முதலாளியின் கொடும்பாவியும் எரியும்.

1870-களில் சால்வை மோகம் அடங்கியது. அதன்பின் ஊருக்குச் சோறு போட்டது தையல் நூல். கிளார்க் குடும்பமும் கோட்ஸ் குடும்பமும் நடத்திய ஆலைகளில் பெரும்பாலும் பெண்கள்தான் வேலை செய்தார்கள். கோட்ஸ் என்றதும் மதுரைப் பக்கத்துப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவீர்கள். 1826-இல் இங்கே ஆலை கட்டிய அதே கோட்ஸ்தான். நம் பெரியவர்கள் 'ஹார்வி மில்' என்று சொன்ன மதுரா மில்ஸ், பிற்காலத்தில் இவர்களுடைய நிறுவனத்தோடு சேர்ந்துதான் 'மதுரா கோட்ஸ்' ஆனது.

பெய்ஸ்லியில் இப்போது ஆலைச் சத்தம் இல்லை. ஆற்றங்கரையில் கிளார்க் குடும்பத்தாரின் ஆங்கர் ஆலைக் கட்டடம் ஒன்றை அடுக்குமாடி வீடுகளாக்கிவிட்டார்கள்.