கணினி தமிழ் படிக்கத் தொடங்கிய கதை



கடந்த பள்ளி விடுமுறைக்கு முன்பு ஒரு தாயார் என்னைக் காண வந்திருந்தார். அவருடைய மகள் என் வகுப்பில் மூன்றாம் ஆண்டு பயில்கின்றாள். பிறவியிலேயே பார்வை குன்றிய பிள்ளை. புத்தகத்தை மூக்கருகே வைத்துத்தான் படிப்பாள். தாயார் கேட்டது இதுதான்: "சார், கைப்பேசியில வர்ற தமிழ்ச் செய்திய அதுவே படிச்சுக் காட்டுது. இவளும் கேட்டுக்கிறா. ஆனா நீங்க புலனத்துல அனுப்புற பயிற்சித்தாள மட்டும் படிக்க மாட்டேங்குதே, ஏன் சார்?"

எனக்கு விடை உடனே தெரிந்துவிட்டது. சொல்வதற்குத்தான் நா எழவில்லை. அந்த விடைக்குப் பின்னால் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுக் கதை இருக்கின்றது. அதில் எனக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. பெருமைப்படத்தக்க பங்கு அன்று. ஆசிரியப் பெருமக்களும் பெற்றோரும் பொறுமையுடன் படிக்க வேண்டுகின்றேன்.

கேட்டுப் படித்த தலைமுறை

நான் சுங்கை சிப்புட் வட்டாரத்து இரப்பர்த் தோட்டம் ஒன்றில் வளர்ந்தவன். என் பாட்டிக்கு எழுத்து தெரியாது. ஆனால், நாட்டு நடப்பு எல்லாம் தெரியும். பள்ளி விட்டு வந்ததும் நான் 'தமிழ் நேசன்' நாளேட்டை வாய்விட்டுப் படிக்க வேண்டும். (1924 இல் தொடங்கிய அவ்வேடு 2019 இல் நின்றுபோனது.) லயத்து வாசற்படியில் பாட்டியோடு அண்டை வீட்டாரும் அமர்ந்திருப்பர். நான் எழுத்தை விழுங்கினால், "மென்னு முழுங்காதடா, திருத்தமா வாசி" என்று அதட்டு விழும்.

தோட்டங்களில் இது புதிய வழக்கம் அன்று. ஊரிலிருந்து கடிதம் வந்தால் கிராணியிடமோ வாத்தியாரிடமோ கொண்டுபோய்ப் படித்துக் காட்டச் சொல்வார்கள். 1923 ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிருவாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. பள்ளிகள் எழுந்தன. ஆயினும், அவற்றைக் கடந்து வராத பெரியோர்க்குப் 'படிப்பது' என்றால் ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்பதுதான். என் பாட்டியை அறிவில்லாதவர் என்று யாரும் சொன்னதில்லை. அவருக்கு எழுத்துக்கும் காதுக்கும் நடுவே ஒரு பேரன் தேவைப்பட்டான், அவ்வளவே.

எழுத்தைப் பேச்சாக்கும் மென்பொருள் என்று இன்று நாம் சொல்வது அந்தப் பேரனின் வேலையைச் செய்யும் இயந்திரந்தான்.

இயந்திரம் வாய் திறந்தது

அமெரிக்காவில் ரே கர்ஸ்வைல் என்பவர் 1976 இல், அச்சிட்ட பக்கத்தைப் பார்வையற்றோர்க்கு வாய்விட்டுப் படிக்கும் இயந்திரத்தை வெளியிட்டார். 1978 இல் டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனம் 'ஸ்பீக் அண்ட் ஸ்பெல்' என்னும் கையடக்கக் கருவியைக் குழந்தைகளுக்காக விற்பனைக்குக் கொண்டுவந்தது. அது ஒரு சொல்லைச் சொல்லும். குழந்தை எழுத்துகளைத் தட்டி அச்சொல்லை அமைக்கும். முன்பே பதிந்து சுருக்கி வைத்த சொற்களை மட்டுமே அது சொன்னது. எதைக் கொடுத்தாலும் படிக்கும் ஆற்றல் அதற்கில்லை. எனினும், கல்விக் கருவி ஒன்று குழந்தையிடம் வாய் திறந்து பேசியது உலகிற்கே புதுமையாக இருந்தது.

அது பேசியது ஆங்கிலம். நம் பள்ளிகளுக்கு இந்தப் பேச்சு வந்து சேர இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. வந்தபோதும் தமிழில் வரவில்லை. 1999 இல் நம் நாட்டில் விவேகப் பள்ளித் திட்டம் ஏறத்தாழ 90 பள்ளிகளில் முன்னோட்டமாகத் தொடங்கியது. அதற்கென உருவாக்கப்பட்ட கற்பித்தல் மென்பொருள்கள் மலாய், ஆங்கிலம், அறிவியல், கணிதம் ஆகிய நான்கு பாடங்களுக்கே. 2003 இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் போதிக்கப்பட்டபோது தமிழ்ப்பள்ளிகளுக்கும் மடிக்கணினியும் ஒளிபடக்கருவியும் குறுவட்டுகளும் வந்தன. நான் பயிற்சி முடித்துப் பணியில் சேர்ந்த காலம் அது. அக்கொள்கையை மீட்டுக்கொள்வதாக 2009 இல் அரசு அறிவித்தது தனிக்கதை.

அந்தக் குறுவட்டுகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் முதல் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். தமிழ்ப் பாடநூலில் ஒரு வரியை எழுத்துக் கூட்டிப் படிக்க அவனால் இயலாது. ஆனால், குறுவட்டு ஆங்கிலத்தில் வடிவங்களின் பெயர்களைச் சொன்னதும் ஒரே முறை கேட்டு, பிசகாமல் திருப்பிச் சொல்வான். அவனைக் குறைநீக்கல் வகுப்புப் பட்டியலில் எழுதியவன் நான்தான். 'கவனமில்லை' என்று குறிப்பும் எழுதினேன். டிஸ்லெக்சியா என்ற சொல்லைப் பயிற்சிக் கழகத்தில் தேர்வுக்காகப் படித்திருந்தேன். வகுப்பில் எதிரே வந்து அமர்ந்தபோது அடையாளம் தெரியவில்லை. காதால் கற்கக்கூடிய பிள்ளை என்பதை அந்த இயந்திரம் எனக்குக் காட்டியும் நான் காணவில்லை.

எழுத்து இருந்தது, ஆனால் எழுத்தாக இல்லை

தமிழ் அப்போது கணினியில் இல்லாமல் இல்லை. நம் நாட்டு முத்து நெடுமாறன் 1985 இலேயே முரசு மென்பொருளை உருவாக்கியவர். பிறகு ஏன் கணினி தமிழைப் படிக்கவில்லை?

இங்கேதான் பலரும் தவறாக எண்ணுகின்றோம். குறை குரலில் மட்டும் இல்லை, எழுத்திலும் இருந்தது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் 'தமிழ்' என்று திரையில் தெரியும். ஆனால், கணினியின் நினைவில் இருப்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. ஆங்கில எழுத்தின்மேல் தமிழ் உருவத்தை முகமூடியாகப் போர்த்திய ஏற்பாடு அது. கண்ணுள்ளவர் முகமூடியைப் படிப்பார். திரைபடிப்பி முகத்தைத்தான் படிக்கும். மேலும், 'கொ' என்பதைக் கொம்பு, ககரம், கால் என மூன்று துண்டுகளாகக் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே தட்டி வைத்தோம். எந்த உயிர் எந்த மெய்யோடு சேர்ந்தது என்பதை இயந்திரம் எவ்வாறு அறியும்?

ஒருங்குறித் தரத்தில் 1991 லேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. விண்டோஸ் 2000 தமிழை ஏற்றது. ஆயினும், விண்டோஸ் எக்ஸ்.பி. காலத்திலும்கூட அதற்கான வசதியைத் தனியே நிறுவ வேண்டியிருந்தது. பள்ளிக் கணினிகளில் யார் செய்வார்? பழகிய எழுத்துருவே போதும் என்றிருந்தோம். தமிழக அரசே 2010 இல்தான் ஒருங்குறியை முறையாக ஏற்றது.

கோலாலம்பூரில் ஒரு குறள்

நம்மவர் அதிகம் அறியாத செய்தி ஒன்று. 2001 ஆகத்து மாதம் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர் ஏ.ஜி. இராமகிருஷ்ணன் குழுவினர் அங்கே ஒரு கட்டுரை படைத்தனர். தமிழ் எழுத்தைப் பேச்சாக்கும் மென்பொருள் பற்றியது அது. அதற்கு அவர்கள் சூட்டிய பெயர் 'திருக்குறள்'. பதிவு செய்த ஒலித்துண்டுகளைக் கோத்துச் சொல்லாக்கும் முறை. ஈப்போவிலிருந்து மூன்று மணி நேரப் பயணத்தில் தமிழ்க் கணினி பேசுவதைப் பற்றி அறிஞர்கள் பேசிக்கொண்டிருந்தபோது, பயிற்சிக் கழகத்து மாணவனாகிய நான் அதைக் கேள்விப்படவும் இல்லை.

2006 இல் மைக்கேல் கர்ரன் என்னும் பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் என்.வி.டி.ஏ. என்ற இலவசத் திரைபடிப்பியை எழுதத் தொடங்கினார். விலை கொடுத்து வாங்கும் திரைபடிப்பிகள் பலருக்கும் எட்டாத விலையில் இருந்தமையே காரணம். அதனுடன் வரும் ஈஸ்பீக் என்னும் பேச்சுப்பொறி தமிழும் பேசும். மனிதக் குரலைப் பதியாமல் ஒலியைக் கணக்கிட்டே உண்டாக்குவதால் மிகச் சிறியது. பழைய கணினியிலும் ஓடும். குரல் என்னவோ தகரக் குவளைக்குள்ளிருந்து வருவது போலிருக்கும். நான் முதன்முதல் கேட்டபோது சிரித்தேன். பார்வையற்ற நண்பர் ஒருவர், "உனக்கு இது வேடிக்கை, எனக்கு இதுதான் நாளேடு" என்றார். அதன்பின் சிரிக்கவில்லை.

பத்தாங் பாடாங் படும் பாடு

தமிழ் எழுதியபடியே படிக்கும் மொழி, ஆகவே இயந்திரத்திற்கு எளிது என்று நினைப்போம். முழுதும் உண்மையன்று. 'கல்', 'பங்கு', 'பகல்' என்னும் மூன்றையும் சொல்லிப் பாருங்கள். ஒரே ககரம், மூன்று ஒலி. இதற்கு இடம் நோக்கிய விதி உண்டு. விதியைக் கற்பித்தால் இயந்திரம் கற்கும். ஆனால், 'பால்' என்பதன் முதலொலியும் 'பாரதி' என்பதன் முதலொலியும் வேறு. விதியை மட்டும் நம்பும் இயந்திரம் இரண்டையும் ஒன்றாகவே படிக்கும்.

நம் நிலை இன்னும் சிக்கல். பேராவில் வாழும் பிள்ளையின் கட்டுரையில் மலாய்ப் பெயர்கள் வராமல் இரா. பத்தாங் பாடாங் மாவட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பகரம் பாரதியின் ஒலி. இரண்டாம் பகரம் பாலின் ஒலி. எழுத்தில் இரண்டும் ஒன்றே. புந்தோங் இன்னும் மோசம்! தமிழ் விதிப்படி படித்தால், கச்சான் பூத்தேவுக்குப் பெயர்பெற்ற நம் புந்தோங் வேறு ஏதோ ஊராகிவிடும்.

அண்மை ஆண்டுகளில் மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் குரற்பட்டியலில் மலேசியத் தமிழுக்கென்றே கனி, சூரியா என இரு குரல்கள் இடம்பெற்றுள்ளன. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர்த் தமிழுக்கும் தனித்தனிக் குரல்கள் உள்ளன. நம் நாட்டுத் தமிழை ஒரு தனி வகையாக எண்ணிப் பட்டியலிட்டிருப்பதே எனக்கு வியப்பளித்தது. 2020 இல் கல்வி அமைச்சு தொடங்கிய டெலிமா தளத்தின்வழி அந்நிறுவனத்தின் கருவிகள் நம் மாணவர்க்கும் எட்டுகின்றன. அவற்றுள் இம்மர்சிவ் ரீடர் என்னும் கருவி, படிக்கும் சொல்லை ஒளியூட்டிக்கொண்டே வாசிக்கும், எழுத்தைப் பெரிதாக்கும், வரிகளை விலக்கி வைக்கும். முதலில் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகளுக்காகச் செய்யப்பட்டது. இன்று அதைக் காணும்போதெல்லாம் 2003 இன் அந்த மாணவன் நினைவுக்கு வருகின்றான். இப்போது அவனுக்கு முப்பது வயது இருக்கும்.

அந்தத் தாயாருக்குச் சொன்ன விடை

இனி, பயிற்சித்தாளுக்கு வருவோம். நான் புலனக் குழுவில் அனுப்பியவை அனைத்தும் படங்கள். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து, அச்சிட்டு, கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பியவை. படத்திலிருந்து எழுத்தைப் பிரிக்கும் மென்பொருள்கள் உள்ளன. ஆனால், சாய்வாக, நிழல் விழப் பிடித்த படத்தில் அவையும் தடுமாறும். சிலவற்றில் எழுத்தின் பின்னே பூக்களும் பட்டாம்பூச்சிகளும் வேறு. அழகாக இருக்கட்டும் என்று நானே சேர்த்தவை. 1991 இல் இடம் கிடைத்து, 2001 இல் அறிஞர்கள் கூடி, 2006 இல் இலவசமாகவும் வந்து சேர்ந்த ஒன்றைக் கடைசி அடியில் மறித்து நின்றது என் பட்டாம்பூச்சி.

"தப்பு கைப்பேசியில இல்லம்மா, என்கிட்டதான்" என்றேன். அவர் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றார்.

விடுமுறையில் மூன்றாம் ஆண்டுத் தமிழ்மொழிப் பயிற்சித்தாள்களை ஒருங்குறியில் மறுபடியும் தட்டச்சு செய்தேன். இதுவரை முப்பத்தெட்டு முடிந்துள்ளன. படத்தை நீக்க முடியாத இடங்களில் 'படத்தில் ஒரு சிறுவன் மரத்தடியில் அமர்ந்திருக்கின்றான்' என்று ஒரு வரி எழுதிச் சேர்த்தேன். அட்டவணைகளை என்ன செய்வதென்று இன்னும் பிடிபடவில்லை. குரல் அவற்றைத் தாறுமாறாகப் படிக்கின்றது. செய்து பார்த்த ஆசிரியர் எவரேனும் இருப்பின் எழுதுங்கள்.

பள்ளி திறந்த முதல் வாரம் அந்தப் பிள்ளை கைப்பேசியைக் காதருகே வைத்து ஒரு தாளைக் கேட்டுக்கொண்டிருந்தாள். திடீரெனச் சிரித்தாள். "சார், இதுக்குப் புந்தோங் சொல்லத் தெரியல!" என்றாள். பிறகு கருவியை நிறுத்திவிட்டு, அந்தப் பெயரைத் தானே திருத்தமாகச் சொல்லிக் காட்டினாள்.